சிதம்பரத்துக்கு வயசு 15

டிஸ்கி: 'அசுரன்' பார்க்காதவர்களும் 'வெக்கை' படிக்காதவர்களும் இந்தப் பதிவை அப்படியே ஓரமா வெச்சிட்டு, பார்த்துப் படிச்சிட்டு வரலாம். ரெண்டு கதையையும் முழுக்கச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. பதிவும் கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கோங்க மக்கா.

'அசுரன்' யாரோட கதைன்னு கேட்டா பத்துப் பேர்ல ஒன்பது பேர் யோசிக்காமல் "சிவசாமி கதை" என்பார்கள். தனுஷ் நடித்த அப்பா. 2019 அக்டோபர் 4-ஆம் தேதி படம் வந்தது. 67-வது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமும் அதுதான், சிறந்த நடிகர் விருதும் தனுஷுக்குத்தான் (மனோஜ் பாஜ்பாயோடு பகிர்ந்து கொண்டார்). தெலுங்கில் வெங்கடேஷ் 'நாரப்பா' என்று எடுத்தார். அங்கேயும் படத்தின் பெயர் அப்பாவின் பெயர்தான்.

ஆனால் இந்தக் கதை பிறந்தபோது அது அப்பாவின் கதையாக இல்லை. 1982-ல் பூமணி எழுதிய 'வெக்கை' நாவலில் அது ஒரு பையனின் கதை. பையன் பேர் சிதம்பரம். வயசு 15. நாவல் தொடங்கும்போதே அவன் ஒரு ஆளை வெட்டியிருக்கிறான். முடியும் வரைக்கும் நாம அவன் பின்னாலேயே நடக்கிறோம்.

37 வருஷம் கழித்து அந்தக் கதை திரைக்கு வந்தபோது பையன் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, அப்பா முன்னால் வந்து நின்றார். ஏன் அப்படி ஆச்சு, அதனால என்ன கிடைச்சது, என்ன போச்சு என்பதுதான் இந்தப் பதிவு. "நாவல் மாதிரி இல்லை" என்கிற வழக்கமான புலம்பல் இல்லை. அதைத் தாண்டி ஒரு விஷயம் இருக்கு, கடைசியில் வருகிறேன்.

*

முதல்ல மண்ணைப் பற்றிச் சொல்லிடறேன். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், அப்படியே மேலே சாத்தூர், விருதுநகர் வரைக்கும் கரிசல். மழை பெய்தால் செருப்போடு நடக்க முடியாது. ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் அப்பிக்கொண்டு வரும். கோடையில் அதே மண் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும், வெடிப்புக்குள்ள கையை விடலாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண் என்பதால் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்துவிட்டு, தை மாசியில் கிடைத்ததை எடுக்கிற மானாவாரி விவசாயம். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி, மிளகாய், கொத்தமல்லி. மழை பொய்த்தால் ஒண்ணும் இல்லை. மழை பெய்தாலும் மாசிக்கு அப்புறம் ஆவணி வரைக்கும் காட்டில் வேலை இருக்காது.

இந்த மண்ணில் மூணு ஏக்கர் என்பது காகிதத்தில்தான் மூணு ஏக்கர். அதை வைத்துக்கொண்டு யாரும் பணக்காரர் ஆகப் போவதில்லை. ஆனால் அந்த மூணு ஏக்கர் இருக்கிறவன் இன்னொருத்தன் வாசலில் போய்க் கூலிக்கு நிற்க வேண்டாம். அதுதான் அதோட விலை. 'அசுரன்' பார்த்த வெளியூர் நண்பர்கள் சிலர் "ஒரு துண்டு வறண்ட காட்டுக்கா இவ்வளவு?" என்று கேட்டார்கள். ஆமா, அதுக்குத்தான். வறண்ட காடாக இருந்தாலும் நம்ம காடு.

இன்னொரு விஷயம், இந்தப் பக்கத்தில் மழையை விட எழுத்து நன்றாக விளையும். இடைசெவல் என்கிற ஒரே சின்ன ஊரில் ஒரே வருஷத்தில், 1923-ல், ரெண்டு பேர் பிறந்தார்கள்: கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி. பூமணி 1947-ல் கோவில்பட்டி பக்கத்து ஆண்டிபட்டியில் பிறந்தவர் (தேனிப் பக்கத்து ஆண்டிபட்டி இல்லை). கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1979-ல் 'பிறகு', 1982-ல் 'வெக்கை'. ரொம்பப் பின்னால் வந்த 'அஞ்ஞாடி'க்கு 2014-ல் சாகித்ய அகாதமி. 'அசுரன்' வந்த அதே 2019-ஆம் வருஷ அகாதமி விருதும் இந்தப் பக்கத்துக்காரருக்குத்தான் போனது, உருளைகுடி சோ.தர்மனின் 'சூல்' நாவலுக்கு.

*

'வெக்கை' வந்த சமயத்தில் தமிழ் சினிமாவில் 15, 16 வயசுப் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும்.

1979-ல் பாலுமகேந்திராவின் 'அழியாத கோலங்கள்'. பதின்வயசை அதுக்கு முன்னால் அவ்வளவு மென்மையாகத் தமிழில் யாரும் தொட்டதில்லை. பசங்க ஆற்றங்கரையில் திரிவார்கள், டீச்சர் மேல் மயக்கம், ஒரு மரணம், அதோட பால்யம் முடியும். 1981-ல் 'பன்னீர் புஷ்பங்கள்', ஊட்டி கான்வென்ட்டில் பள்ளிக் காதல். அதே வருஷம் 'அலைகள் ஓய்வதில்லை', கடற்கரைக் கிராமத்தில் பள்ளி வயசுக் காதல், நடுவில் மதம். மூணுமே எனக்குப் பிடித்த படங்கள்தான். ஆனால் மூணிலும் அந்த வயசுக்கு இருக்கிற ஒரே பிரச்சினை உடம்பும் காதலும். பசி இல்லை, காடு இல்லை, கூலி இல்லை.

அதுக்கு அடுத்த வருஷம் பூமணி எழுதின பையனுக்குக் காதல் இல்லை. அவனுக்கு ஒரு அண்ணன் இருந்தான். வடக்கூரான் என்கிற பெரிய சம்சாரி இவர்கள் நிலத்தைக் கேட்டார். கொடுக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற அண்ணனைக் கொன்றுவிட்டார்கள். சட்டம் வரவில்லை, யாரும் வரவில்லை. வீட்டில் ஆத்தா சாப்பிடாமல் கிடக்கிறாள். சிதம்பரம் வடக்கூரானின் கையை மட்டும் எடுத்துவிடலாம் என்றுதான் போனான். ஆள் போய்விட்டான்.

அதற்கப்புறம்தான் நாவல். சுமார் ஒரு வாரம் அவனும் அவன் அய்யாவும் காடு, கரடு, ஓடை, மலையடிவாரம் என்று ஒளிந்து திரிகிறார்கள். ராத்திரியில் நடப்பது, பகலில் பதுங்குவது. கிடைத்ததைப் பொங்கித் தின்பது. சொந்தக்காரர்கள் ஊர் ஊராகச் சேதி கொண்டு வருவது. அய்யா பழைய கதைகளைச் சொல்கிறார், பையன் கேட்கிறான். கடைசியில் ரெண்டு பேரும் கோர்ட்டில் சரணடைய நடக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

இதில் என்னை உலுக்கியது கொலை இல்லை. இந்தப் பையன் கொலை பண்ணின பிறகும் பையனாகவே இருக்கிறான் என்பது. அவனுக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, ஆத்தா நினைப்பு வருகிறது. ஓணானையும் பறவையையும் வேடிக்கை பார்க்கிறான். அய்யாவிடம் கேள்வியாகக் கேட்டுத் தள்ளுகிறான். ரெண்டு பக்கம் முன்னால் வேற மாதிரி பயங்கரமாக இருந்தவன், ரெண்டு பக்கம் பின்னால் திங்கிறதுக்கு என்ன இருக்குன்னு தேடுகிறான். பதினஞ்சு வயசு என்றால் இப்படித்தானே இருக்கும்? பூமணி அவனுக்கு வீரன் வேஷமும் கட்டவில்லை, குற்றவாளி முத்திரையும் குத்தவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த அய்யா. ஒரு இடத்தில்கூட "ஏன்டா இப்படிப் பண்ணித் தொலைச்சே" என்று அவனை அடிக்கவில்லை. இந்தக் காரியம் தன் தலையில் விழுந்திருக்க வேண்டியது, பையன் தலையில் விழுந்துவிட்டது என்கிற வருத்தம்தான் அவருக்கு. குடும்பம் முழுக்க அந்தக் கொலையைப் பங்கு போட்டுச் சுமக்கிறது.

நாவலில் ஒரு இடத்திலும் சாதிப் பெயர் வராது. படிக்கிற நமக்குத் தெரியும், அங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும், ஆனால் சொல்ல மாட்டார். என்.கல்யாணராமன் மொழிபெயர்ப்பில் 2019-ல் ஆங்கிலத்தில் வந்தபோதும் விமர்சனம் எழுதினவர்கள் கவனித்த விஷயங்களில் அது ஒண்ணு.

*

1982-க்கும் 2019-க்கும் நடுவில் கரிசல் பிள்ளைகள் திரைக்கே வரவில்லையா? வந்தார்கள். முக்கியமான ரெண்டு படங்களைச் சொல்லணும்.

ஒண்ணு, பூமணியே இயக்கிய 'கருவேலம் பூக்கள்'. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தயாரித்தது. நாசர், ராதிகா நடித்தார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றிய படம். (எங்க பக்கம் தொழிற்சாலைன்னு யாரும் சொல்றதில்லை, 'தீப்பெட்டி ஆபீஸ்'தான்.) மாசிக்கு அப்புறம் காட்டில் வேலை இருக்காது என்று சொன்னேன் இல்லையா? அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்ததுதான் தீப்பெட்டி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து சிவகாசியில் தொடங்கியது, அப்புறம் கோவில்பட்டி, சாத்தூர், கழுகுமலை என்று பரவியது. கட்டை அடுக்க, பெட்டி ஒட்ட, லேபிள் ஒட்ட சின்ன விரல்கள் வசதி என்று கண்டுபிடித்தார்கள். விடியறதுக்கு முன்னாலேயே கம்பெனி பஸ் கிராமத்துக்கு வந்து நிற்கும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளை ஏற்றி அனுப்புவார்கள், பொழுது சாய்ந்த பிறகு கொண்டு வந்து விடுவார்கள். அதில் பெரும்பாலும் பெண் பிள்ளைகள்.

1990-ல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஒரு ஆவணப்படம் எடுத்தார். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. எம்.சி.மேத்தா போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசிப் பிள்ளைகளை முன்வைத்துத் தீர்ப்புச் சொன்னது: வேலைக்கு வைத்த முதலாளி பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். இவ்வளவும் நடந்துதான் அந்த விடியக்காலை பஸ்ஸில் பிள்ளைகள் குறைந்தார்கள். காட்டு வேலை இல்லாத ஊரில் ஒரு தலைமுறையே பால்யம்னு ஒண்ணு இல்லாமல் நேராகக் கூலிக்காரர்களாக ஆனது. 'கருவேலம் பூக்கள்' தியேட்டரில் கூட்டம் கூட்டிய படம் இல்லை. ஆனால் 'வெக்கை'யை எழுதினவருக்கு அடுத்து எந்தப் பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள் என்பதை அது சொல்கிறது.

ரெண்டாவது, 2006 டிசம்பரில் வந்த வசந்தபாலனின் 'வெயில்'. விருதுநகர்ப் பக்கம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு எம்.ஜி.ஆர் படம் பார்க்கிற பையன் முருகேசன். அப்பா கண்டுபிடிக்கிறார். துணியை உருவி, கட்டிப் போட்டு, உச்சி வெயிலில் விடுகிறார். தெருவே பார்க்கிறது. அன்றைக்கு அவனுக்குள்ள ஏதோ முறிந்து போகிறது. வீட்டு நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். வழியில் பணத்தைத் தொலைத்து, வேற ஒரு ஊர் தியேட்டரில் ஒதுங்கி, ஆபரேட்டர் ஆகி, காதலித்து, இழந்து, கடைசியில் அந்தத் தியேட்டரும் போய், இருபது வருஷம் கழித்து வெறுங்கையோடு வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். பசுபதி நடித்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது, 2007-ல் கான் விழாவில் திரையிடல் எல்லாம் கிடைத்தது.

உலக சினிமாவில் இந்த வகைக்குப் பிள்ளையார் சுழி மாதிரிச் சொல்லப்படுகிற படம் 1959-ல் த்ரூஃபோ எடுத்த 'ஃபோர் ஹண்ட்ரட் ப்ளோஸ்'. அதிலும் ஒரு பையன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவான், சினிமா பார்ப்பான், திருடுவான், வீட்டாலும் பள்ளிக்கூடத்தாலும் கைவிடப்படுவான், கடைசியில் ஓடுவான். கடல் வந்ததும் ஓட இடம் இருக்காது, திரும்பி நம்மைப் பார்ப்பான். பாரீஸ் பையனும் விருதுநகர்ப் பையனும் ஒரே ஜாதகம். பெரியவர்களிடம் இருந்து தப்பித்து ஓடுகிற பையன்கள்.

இங்கேதான் 'வெக்கை' தனித்து நிற்கிறது. சிதம்பரமும் ஓடுகிறான். ஆனால் அப்பாவிடம் இருந்து ஓடவில்லை, அப்பாவோடு ஓடுகிறான். பதின்வயசுக் கதைகளில் இது அபூர்வம். 'வெயில்' அப்பா ஒரு சினிமா டிக்கெட்டுக்காகப் பையனை வெயிலில் கட்டிப் போட்டார். 'வெக்கை' அய்யா ஒரு கொலைக்குப் பிறகும் பையனுக்கு நிழல் தேடினார். ரெண்டும் ஒரே மண், ஒரே வெயில்.

*

சரி, 'அசுரன்' என்ன செய்தது?

2019 ஜனவரியில் கோவில்பட்டிப் பக்கம் படப்பிடிப்பு தொடங்கியது. படம் நாவல் மாதிரியே அப்பாவும் பையனும் ஓடுவதில்தான் ஆரம்பிக்கிறது. கென் கருணாஸ் சிதம்பரமாக நடித்தார். அந்தப் பையனின் முறைப்பும், அப்பா மேல் இருக்கிற இளக்காரமும் நன்றாக வந்திருக்கும். வெற்றிமாறன் போட்ட புது முடிச்சு இதுதான்: பையனுக்கு அப்பா ஒரு கோழை. அண்ணன் சிறையில் கிடந்தபோது வீடு வீடாகப் போய் ஒவ்வொருத்தர் காலிலும் விழுந்தவர். அண்ணன் செத்த பிறகும் அருவாளை எடுக்காதவர். அதனாலதான் நான் எடுத்தேன் என்கிற கோபத்தோடு பையன் நடக்கிறான்.

அப்புறம் பின்கதை. அப்பா இளவயசில் யாராக இருந்தார், எதை இழந்தார், ஏன் அருவாளைக் கீழே போட்டார் என்று தெரிய வருகிறது. அப்பாவும் ஒரு காலத்தில் நான்தான் என்று பையனுக்குப் புரிகிறது. படத்தில் சிதம்பரம் வளர்வது அந்தப் புரிதலில்தான். முடிவில் அப்பா பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறார். நிலத்தைப் பறிக்கலாம், படிப்பைப் பறிக்க முடியாது என்கிற அர்த்தத்தில் பையனுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இதில் ஒரு தமாஷ் கவனிச்சீங்களா? தனுஷ் 2002-ல் 'துள்ளுவதோ இளமை'யில் அறிமுகமானதே வீட்டோடு ஒட்டாத பள்ளிக்கூடப் பையனாகத்தான். அடுத்த வருஷம் 'காதல் கொண்டேன்', அன்புக்கு ஏங்கி மனசு பிறழ்ந்த பையன். தமிழ் சினிமாவின் தகராறு பிடித்த பையனாக வந்தவரே 17 வருஷம் கழித்து, தகராறு பிடித்த பையனுக்கு அப்பாவாக நின்றார்.

ஏன் அப்பா நடுவில் வந்தார் என்பதற்கு வியாபாரக் காரணம் எல்லாருக்கும் தெரியும். நட்சத்திரம் அப்பாவாக இருந்தால் கதையும் அப்பாவிடம் போகும். பதினஞ்சு வயசுப் பையனை நம்பிப் பெரிய பணம் போட 2019-ல் யார் வருவார்? அதைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அப்பா நடுவில் வந்ததால் வரலாறு உள்ளே வந்தது. அதையும் சொல்லணும்.

நாவலில் பஞ்சமி நிலம் என்கிற பேச்சு மையத்தில் இல்லை. படம்தான் பின்கதையில் அதைக் கொண்டு வந்தது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாததுதான் அடிமைத்தனத்தின் வேர் என்பது அதன் சாரம். அதையொட்டி 1892-ல் நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. சென்னை மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதுக்கப்புறம் விற்றாலும் அதே மக்களுக்குத்தான் விற்கணும் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி யார் யார் கைக்கோ போய்விட்டது. 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் இந்த நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்று ரெண்டு பேர் செத்தார்கள்.

இதெல்லாம் புத்தகத்திலும் துண்டறிக்கையிலும் இருந்த சேதி. 'அசுரன்' வந்த பிறகு டீக்கடையில் பஞ்சமி நிலம் பற்றிப் பேசினார்கள். அரசியல்வாதிகள் ஒருத்தர் மேல் ஒருத்தர் பஞ்சமி நிலக் குற்றச்சாட்டு சொல்லிப் பட்டாவைக் காட்டுகிற அளவுக்குப் போனது. பின்கதையில் குடிசைகள் எரியும்போது, 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து போனது ஞாபகம் வராதவர்கள் இருக்க முடியாது. தஞ்சை நஞ்சையில் பட்ட தீக்காயத்தைக் கரிசல்காட்டுக் கதைக்குள் கொண்டு வந்து வைத்தார் வெற்றிமாறன். ஒரு அப்பாவுக்குத்தான் அவ்வளவு பழைய கதை இருக்க முடியும். பதினஞ்சு வயசுப் பையனுக்கு என்ன பழைய கதை இருக்கும்?

ஆக, வரவு நிறைய. செலவு என்ன?

அந்த ஒரு வாரம். கொலைக்குப் பிந்தைய அந்தச் சின்னச் சின்ன நாட்கள். படத்தில் அவை இருக்கின்றன, ஆனால் பின்கதைக்குப் போக வழி விடுகிற இடைவெளிகளாக இருக்கின்றன. அருவாளை எடுத்த பையன் அடுத்த நாள் காலையில் எப்படி இருப்பான் என்று உட்கார்ந்து பார்க்க நேரம் இல்லை. துரத்துகிறார்கள், சண்டை வருகிறது, அப்பா எழுந்து நிற்கிறார், தியேட்டர் அதிர்கிறது. விசில் எல்லாம் அப்பாவுக்கு. பையன் பார்வையாளனாகிவிடுகிறான், நம்மை மாதிரி.

*

அது ஏன் முக்கியம்? கடைசியில் வருகிறேன் என்று சொன்ன விஷயம் இதுதான்.

15 வயசுங்கிறது சட்டத்துக்கும் ஒரு எல்லைக்கோடு. 'வெக்கை' வந்து நாலு வருஷம் கழித்து, 1986-ல் வந்த சிறார் நீதிச் சட்டம் 16 வயசு முடியாத பையனைச் சிறுவன் என்றது. 2000-ல் வந்த சட்டம் அதை 18 ஆக்கியது. 2015-ல் வந்த சட்டம், கொடுங்குற்றம் என்றால் 16 முதல் 18 வயசுக்காரர்களைப் பெரியவர்கள் மாதிரியே விசாரிக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. ஒரு பையன் எப்போது பையனாக இல்லாமல் போகிறான் என்று நாடே முப்பது வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்குள்ள ஒரு நாவலாசிரியர் 1982-லேயே போய் உட்கார்ந்திருக்கிறார்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிளஸ் டூ படித்த ஒரு பட்டியலின மாணவரை, கூடப் படித்த பசங்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சாதியைச் சொல்லித் தொந்தரவு செய்கிறார்கள் என்று அவர் பள்ளிக்கூடத்தில் சொன்னதுதான் காரணம். வெட்டினவர்களும் பள்ளி வயசுப் பசங்க. அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிக்கூடப் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள்.

ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பக் கூடாது, அதில் தெளிவாக இருக்கேன். சிதம்பரம் அருவாளைத் தூக்கியது மேலே இருந்து அழுத்தினவனுக்கு எதிராக. நாங்குநேரியில் அருவாள் மேலே இருந்து கீழே இறங்கியது. ரெண்டும் ஒரே செயல் இல்லை. ஆனால் 'அசுரன்' தந்த பதில் படிப்பு. அந்தப் பதிலை நம்பிப் படித்த பிள்ளையின் வீட்டுக்குத்தான் பள்ளிக்கூடத்து வழியாகவே அருவாள் வந்தது. (அந்த மாணவர் ஆஸ்பத்திரியில் இருந்து மீண்டு, பிளஸ் டூ நல்லபடியாகத் தேறிக் கல்லூரிக்குப் போனார். அந்தப் பதிலைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டது அவர்தான்.)

படித்தால் சரியாகிவிடும் என்று அப்பாக்கள் சொல்வது போதவில்லை. பசங்க தலைக்குள்ள என்ன ஓடுது, யார் அதை ஓட விடுறாங்க என்று பார்க்கணும். அருவாள் தூக்கின பையனைக் கொண்டாடவும் வேண்டாம், கைகழுவவும் வேண்டாம், கூட நடந்து பாருங்க என்பதைத்தான் 'வெக்கை' செய்கிறது. அதைச் செய்யத் திரையில் அப்பா கொஞ்சம் நகர்ந்து பையனுக்கு இடம் விட்டிருக்கணும்.

பையனை நடுவில் வைத்தால் ஓடாது என்கிற வாதமும் இப்போது பலவீனமாகிவிட்டது. 2024 ஆகஸ்டில் மாரி செல்வராஜின் 'வாழை' வந்தது. அது கரிசல் இல்லை, தாமிரபரணி பாய்கிற ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைக்காடு. பள்ளிக்கூட லீவில் வாழைத்தார் சுமக்கப் போகிற பையன் சிவனணைந்தான்தான் படம் முழுக்க. பெரிய நட்சத்திரம் யாரும் முன்னால் வந்து மறைக்கவில்லை. அவன் கழுத்து வலியும், டீச்சர் மேல் இருக்கிற பிரியமும், பசியும்தான் கதை. 'அழியாத கோலங்கள்' பையனையும் தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளையையும் ஒரே உடம்பில் வைத்தது போல இருந்தது. ஜனங்க தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள், அழுதார்கள்.

அதனால் எனக்கு ஒரு ஆசை. 'வெக்கை'யை யாராவது இன்னொரு தடவை எடுக்கணும். சண்டை வேண்டாம், பின்கதை வேண்டாம். ஒரு பையன், ஒரு அய்யா, கருவேல முள்ளும் வெடிச்ச கரிசலும். ராத்திரி நடக்கணும், பகலில் ஒளியணும், நடுவில் ஒரு சட்டிச் சோறு பொங்கணும். கடைசியில் கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில் ரெண்டு பேரும் ஏறுகிற வரைக்கும் கேமரா பையன் பின்னாலேயே போகணும்.

அதுவரைக்கும் நாவல் இருக்கு. சின்னப் புத்தகம்தான், ஒரு ஞாயித்துக்கிழமை போதும். 'அசுரன்' நாலு தடவை பார்த்தவர்கள்கூட அதை இன்னும் தொடாமல் இருந்தால் தொட்டுப் பாருங்க. சிதம்பரம் அங்கே இன்னும் பதினஞ்சு வயசுலதான் இருக்கான்.